ஏழாம் பாகத்தின் முதல் பாதி

ஜனவரி 12

அன்புள்ள சிட்டு,

உன்னை 'நீ' என்று எழுதுவதா, 'நீங்கள்' என்று எழுதுவதா என்பதிலேயே ஒரு தாள் வீணாகிவிட்டது. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஓடிவிட்டது, இன்னும் உன்னை நேரில் பார்த்ததில்லை. தீவில் லீவு கிடைக்காததால் நீ கல்யாணத்துக்கு வரவில்லை என்று உன் அப்பா சொன்னார். வானிலை நிலையத்தைப் பூட்டிவிட்டு வர முடியாதுதான். கடைசியில் வயதை வைத்து 'நீ' என்றே எழுதத் துணிந்தேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடு.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் இந்தக் கடிதம். உன் அறையைத் தூசி தட்டும்போது அலமாரியில் அந்தத் துறைமுகத்து மருத்துவச்சி கதைகளைப் பார்த்தேன். கடையில் நாள் முழுக்க மற்றவர்கள் படிப்பதற்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறேனே தவிர, நான் ஒரு நாவலைத் தொட்டு எத்தனையோ காலம். முதல் ஆறு பாகமும் பாதிப் பாதியாகக் கிழிந்து, நூல் போட்டுக் கட்டியிருந்தன. ஏழாவது மட்டும் முழுசாக இருந்தது. சரி, கொலையும் இருக்கிறது, ராஜா காலமும் இருக்கிறது, படித்துத்தான் பார்ப்போமே என்று அதை எடுத்துக்கொண்டேன்.

நடுவில் போய் நுழைந்ததில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உப்புக் கிடங்கில் ஒரு வியாபாரி செத்துக் கிடக்கிறான், அது புரிகிறது. ஆனால் அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் எதையும் சொல்வதில்லை. படகோட்டி ஒருவன் வருகிறான். அவன் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. மருத்துவச்சி அவன் படகில் ஏறாமல் வேறு படகைக் கூப்பிடுகிறாள். யார் அவன்? எதற்காக எல்லோரும் அவனைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்? உன் அப்பாவைக் கேட்டால், "வாங்கிப் போட்டதோட என் வேலை முடிஞ்சுது, கதையெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்" என்கிறார். அதனால்தான் உன்னைத் தொந்தரவு செய்கிறேன்.

இன்னொன்று. கிழிந்திருந்த ஆறு பாகங்களையும் பைண்டிங் கடையில் கொடுத்து ஒட்டித் தைத்து வாங்கிவிட்டேன். கெட்டி அட்டை, துணி முதுகு. நீ வந்து பார்த்தால் அசந்துபோவாய்.

அன்புடன்,
கண்ணாடிக் கடைக்காரி
(உன் அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்.)


ஜனவரி 25

வணக்கம்.

உங்கள் கடிதம் நேற்றைய படகில் வந்தது. 'நீ' என்றே எழுதுங்கள், அதில் ஒன்றும் இல்லை.

அந்த ஆறு புத்தகங்களும் தானாகக் கிழியவில்லை. வேண்டுமென்றே இரண்டாக வெட்டி, எங்கள் வீட்டில் அப்படியே வைத்திருந்தவை. அவற்றை ஒட்டச் சொல்லி உங்களை யார் கேட்டார்கள்? என் அறை, என் அலமாரி, என் புத்தகம். கடல் தாண்டி இருக்கிறேன் என்பதற்காக ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? அப்பாவும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரா? அவர் இப்போதெல்லாம் எதற்குத்தான் வாயைத் திறக்கிறார்.

ஏழாம் பாகத்தை எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

படகோட்டி நல்லவன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சிட்டு


பிப்ரவரி 4

அன்புள்ள சிட்டு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேராகப் பைண்டிங் கடைக்குப் போய், தைத்ததைப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிரித்தால் தாளெல்லாம் பிய்ந்துவிடுமாம். "முதல்ல ஒட்டச் சொல்றீங்க, இப்ப வெட்டச் சொல்றீங்க, வீட்ல ஏதாவது பிரச்சினையா" என்று வேறு கேட்டார். இல்லை என்று எப்படிச் சொல்வது?

உன் அப்பா பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நான் பைண்டிங்கை அவருக்குத் தெரியாமல் செய்தேன். ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, எப்படி என்று கேட்டேன். அவர் புத்தக முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். எதற்காக அப்படிப் போனார் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. என்னை மன்னித்துவிடு. நல்லது செய்கிற நினைப்பில் எதிலும் மூக்கை நுழைக்கிற புத்தி எனக்கு. கடையிலும் இதே கதைதான். யாராவது வளைந்த கண்ணாடியோடு வந்தால், அவர்கள் வாய் திறக்கும் முன்பே கழற்றி நிமிர்த்திவிடுவேன்.

ஏழாம் பாகத்தை அன்றைக்கே உன் அலமாரியில் வைத்துவிட்டேன். ஆனால் ஒரு சிக்கல். நான் அதைச் சாயங்காலங்களில் உரக்கப் படித்துவந்தேன், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது தினமும், "அப்புறம் அந்த உப்பு வியாபாரி என்ன ஆனான்?" என்கிறார். அவன்தான் செத்துவிட்டானே என்றால், "அதில்ல, யாரு பண்ணினது?" என்கிறார். நானும் பூசி மெழுகிக்கொண்டு வருகிறேன்.

நீ சரி என்றால் மட்டும் மேலே படிப்பேன். வேண்டாம் என்றால் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
கண்ணாடிக் கடைக்காரி


பிப்ரவரி 17

வணக்கம்.

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். காலையில் வானிலைப் பலூன் விடும்போது காற்று இழுத்துக்கொண்டு போய் வேலியில் மாட்டி வெடித்த நாள் அது. எங்கள் நிலையத்துப் பெரியவரிடம் வாங்கிய திட்டை அப்படியே உங்களுக்குத் திருப்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைண்டிங் கடைக்காரரிடம் மாட்டிக்கொண்ட இடத்தைப் படித்து, அடுப்படியில் நின்று சிரித்தேன். எங்கள் சமையல்காரர் என்ன என்று கேட்டார். வீட்டிலிருந்து கடிதம் என்றேன்.

அந்தப் பாதிகளின் கதை இதுதான். புதுப் பாகம் வந்த அன்றைக்கே யார் முதலில் படிப்பது என்று அம்மாவுக்கும் எனக்கும் அடிதடி நடக்கும். ஒரு தடவை அப்பா ஒன்றும் பேசாமல் கத்தியைக் கொண்டுவந்து, புத்தகத்தை முதுகோடு சேர்த்து நடுவில் வெட்டி, ஆளுக்கொரு பாதியைக் கையில் கொடுத்துவிட்டுப் பணிமனைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எல்லாப் பாகத்தையும் அப்படித்தான். பின்பாதி அம்மாவுக்கு. யார் செத்தார்கள் என்றே தெரியாமல் யார் கொன்றார்கள் என்று தேடிக்கொண்டிருப்பாள். "யாருடி இவன்? எதுக்கு இப்படி அழறான்?" என்று சமையலறையிலிருந்து கத்துவாள். நான் முன்பாதியைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும்.

உங்கள் முதல் கடிதத்தில் 'யார் அவன்?' என்று கேட்டிருந்தீர்கள். என் கோபத்தில் பாதிதான் பைண்டிங்குக்கு.

ஏழாம் பாகத்தை நான் படித்ததே இல்லை. அது கடைக்கு வந்தபோது அம்மா இல்லை. அப்பா வழக்கம்போல வாங்கிவந்து அலமாரியில் வைத்தார். வெட்டாத புத்தகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் படியுங்கள். அப்பா கேட்கட்டும்.

படகோட்டியைப் பற்றி: இரண்டாம் பாகத்தில் வெள்ளத்தில் குதித்து மருத்துவச்சியின் மகளைத் தூக்கி வந்தவன் அவன். நாலாம் பாகத்தில் மருத்துவச்சிக்காகச் சிறைக்குப் போனான். ஆறாவதில் அவன் தம்பியைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். மருத்துவச்சி பார்த்ததைச் சாட்சி சொன்னாள், அதோடு அந்த உப்பு வியாபாரி பொய்யாக நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னான். அன்றிலிருந்து படகோட்டிக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. ஊரே சங்கடத்தில் வாயை மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான். அவன் கொலை செய்கிற ஆள் இல்லை.

அப்பா எனக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. முன்பெல்லாம் அன்றைக்கு எந்த வண்டி பழுதுக்கு வந்தது, எந்தப் பாகம் தேய்ந்திருந்தது என்று படம் போட்டே எழுதுவார். இங்கே ஆபீஸ் போன் அவசரத்துக்குத்தான். எப்போதாவது கூப்பிட்டால், "நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா, சரி, வைக்கட்டுமா" என்கிறார். அவருக்கு இப்போது வேறு பேச்சுத் துணை இருக்கிறது, தெரியும். இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

சிட்டு


மார்ச் 2

அன்புள்ள சிட்டு,

உன் படகோட்டியை நீயே மாட்டிவிட்டாய். இத்தனை நாள் எனக்கு அவன்மேல் வெறும் சந்தேகம். தம்பியைத் தூக்கில் போட வைத்தது அந்த உப்பு வியாபாரியா? பிறகு என்ன, காரணமும் கிடைத்துவிட்டது. உன் கடிதத்தை உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லவன்னு சொல்ல வந்து அவனையே காட்டிக் கொடுத்துட்டாளே" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நீயும் உன் அம்மாவும் முதலிலிருந்து படித்தவர்கள், அவன்மேல் பாசம் இருக்கும். நான் நடுவில் வந்தவள். அவன் எனக்கு யாரோ ஒருவன், அதனால் அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுகிறது.

நீ அந்தப் பாகத்தைப் படித்ததில்லை என்று தெரிந்த பிறகு எனக்குப் புத்தகத்தைத் தனியாக வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. பாதிக்கு மேல் வந்துவிட்டோம், அதனால் முன்பாதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நானே வெட்டலாம் என்று கத்தியை எடுத்தேன். உன் அப்பா, "கொடு இங்க, இது என் வேலை" என்று பிடுங்கிக்கொண்டார். என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல் பக்கம் மேஜையை இழுத்துப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெட்டு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

கடிதம் பற்றி நீ கேட்டதைச் சொன்னேன். அவர் எழுதுவார், எழுதாமல் எங்கே போய்விடப் போகிறார். பேச்சுத் துணை என்று என்னைச் சொல்கிறாயே, நான் பேசுகிறேன், அவர் துணையாக இருக்கிறார், அதுதான் நடக்கிறது. என் இடத்தில் நீ இருந்தால் அவரை இன்னும் கொஞ்சம் பேசவைத்திருப்பாய்.

குளிர்காற்றில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு பலூன் விடு.

அன்புடன்,
கண்ணாடிக் கடைக்காரி


மார்ச் 14

வணக்கம்.

முன்பாதி வந்து சேர்ந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டேன். படகோட்டி கிடங்கின் பின்வாசலில் நிற்கிற இடத்தில் பாதி முடிந்துவிடுகிறது. இதைவிடக் கொடுமை உண்டா?

இனி நான் கேட்பதற்கு மழுப்பாமல் பதில் எழுதுங்கள்.

அப்பா வெட்டிய ஆறு புத்தகங்களும் எனக்கு மனப்பாடம். தாளுக்குத் தாள் நடுவில், தையலை ஒட்டி, ஓர் எழுத்துக்கூடப் போகாமல் வெட்டுவார். பார்சலில் வந்திருக்கிற பாதியில் கத்தி வழிதவறி எழுத்துக்குள் இறங்கியிருக்கிறது. கடைசிப் பக்கங்களில் வரிக்கு ஒரு வார்த்தை காணோம். நடுவில் நிறுத்தி, திரும்ப ஆரம்பித்து, மறுபடி விலகியிருக்கிறது. என்ஜினுக்குள் தலையை விட்டு நூல் பிடித்த மாதிரி வேலை செய்கிறவர் வெட்டிய வெட்டு இல்லை இது.

பிறகு உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்பப் படித்தேன். புத்தகத்தைத் தடவிப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கடிதத்தை நீங்கள் வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். என்னிடமிருந்து வருகிற கடிதத்தை வேறு யாரும் தொடவிடாத மனிதர் அவர்! செய்தித்தாளில் வரி விளம்பரம்வரை தானே படிப்பவர், சாயங்காலம் உட்கார்ந்து கதை கேட்கிறார். மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறார்.

நீங்கள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

அப்பாவின் கண்ணுக்கு என்ன?

சிட்டு


மார்ச் 22

அன்புள்ள சிட்டு,

மழுப்பவில்லை.

இரண்டு கண்ணிலும் அழுத்தம். வலது கண் ஏறக்குறைய போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் தெரிகிறது, அதுவும் சுருங்கிக்கொண்டே வருகிறது. உன் அம்மா போன பிறகு புதுக் கண்ணாடி போட எங்கள் கடைக்கு வந்தார். கண்ணாடி சரியில்லை என்று திரும்பத் திரும்பச் சண்டை போட வந்தார். ஒவ்வொரு தடவையும் வாசல் நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார். கண்ணாடியில் குறையில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. பணிமனையில் இப்போது அவரை உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தே எந்தப் பாகம் என்று சொல்லிவிடுகிறார்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "தெரிஞ்சா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா. அவ அந்தத் தீவுக்குப் போக எவ்வளவு பாடுபட்டான்னு உனக்குத் தெரியாது" என்றார். நீ கோபமாக எழுதிய கடிதத்தையும் நான்தான் அவருக்கு வாசித்தேன். 'எதற்குத்தான் வாயைத் திறக்கிறார்' என்ற இடத்தைத் தாண்டிவிடப் பார்த்தேன். அவர் கண்டுபிடித்து, அதையும் வாசிக்கச் சொன்னார். நான் பேச்சுத் துணையாகக் கிடைத்துவிட்டதால் உன்னை மறந்துவிட்டார் என்று மட்டும் நினைக்காதே. ஒரு வரி எழுதினால் அடுத்த வரி அதன் மேலேயே ஏறிவிடுகிறது. அதை நீ பார்த்துவிடுவாய் என்றுதான் எழுதவில்லை.

அந்த வெட்டை நான் பார்த்தேன். பார்த்தும் அப்படியே பார்சல் கட்டினேன். வாய் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன், பார்சல் அனுப்ப மாட்டேன் என்று சொல்லவில்லை. அத்தனை கொலைக் கதை படித்தவளுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

ஏப்ரல் எட்டாம் தேதி இடது கண்ணில் ஆபரேஷன். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், அதற்கும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்குப் பயமாக இருக்கிறது, சிட்டு. அவர் பயத்தைக் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். "கட்டு பிரிச்சதும் நானே படிக்கிறேன்" என்கிறார். நான் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டேன். யார் என்று சொல்ல மாட்டேன். உன் படகோட்டிக்காக அழுதேன் என்று மட்டும் சொல்கிறேன்.

அவர் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணைக் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். நான் இருப்பதால் உனக்கு இந்த வீட்டுக்கு வருவது கஷ்டம் என்றால், என் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறேன். மருந்து நேரமெல்லாம் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவிடுகிறேன். இதை நான் வருத்தத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் போதும்.

அன்புடன்,
கண்ணாடிக் கடைக்காரி


ஏப்ரல் 1, படகில்

இந்தக் கடிதம் நான் வந்த பிறகுதான் உங்களுக்குக் கிடைக்கும். கரை சேர்ந்ததும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன். இது அங்கே இங்கே சுற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வரும். தெரிந்துதான் எழுதுகிறேன். எழுதினால் எனக்கு எல்லாம் வருகிறது, நேரில் பேச வாய் வராது. அந்த விஷயத்தில் நான் அப்பாவின் பெண்.

பெரியவர் ஒரு கேள்வி கேட்காமல் லீவு கொடுத்தார். ஆபீஸ் போனில் அப்பாவைக் கூப்பிட்டு, "வர்றேன். அவங்களை எங்கயும் அனுப்பிடாதீங்க" என்றேன். "சரி, வைக்கட்டுமா" என்றார். ஆனால் வைக்கவில்லை. அவர் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் வைக்காமல் நின்றேன். சமையல்காரர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் போனைக் கீழே வைத்தேன்.

தங்கை வீட்டுக்குப் போகிற பேச்சை இனி எடுக்காதீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது, உண்மைதான். அம்மா இருந்த இடத்தில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உட்காரவே இல்லை, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். எத்தனை நாள் அந்த வீட்டில் தனியாகப் பயந்தீர்கள் என்று படகுப் பயணம் முழுக்க யோசித்துக்கொண்டு வருகிறேன். அம்மா இருந்திருந்தால் உங்களோடு முதலில் சண்டை போட்டிருப்பாள். பிறகு என்னை ஓரம்கட்டிவிட்டு உங்களோடு சேர்ந்துகொண்டு, யார் கொலைகாரன் என்று என்னைக் கிண்டல் செய்திருப்பாள்.

நீங்கள் இதைப் படிக்கும்போது நான் வீட்டுக்கு வந்து சில நாள் ஆகியிருக்கும். வந்த அன்றைக்கு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்திருப்பேன். நீங்கள் கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் 'இங்க பாருங்க', 'வந்து', 'ஒரு நிமிஷம்' என்று தடுமாறிக்கொண்டிருந்திருப்பேன். அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு உங்களைப் பிடிக்கும். உங்கள் இரண்டாவது கடிதத்திலிருந்தே பிடிக்கும்.

தபால்காரர் இதை உங்கள் கையில்தான் கொடுத்திருப்பார். நான் எங்காவது பக்கத்தில்தான் இருப்பேன். படித்து முடித்ததும் மடித்து வைத்துவிட்டு, என்னை ஒரு குரல் கூப்பிடுங்கள். எதற்கு என்று ஒன்றும் தெரியாத மாதிரி, "என்ன சித்தி?" என்று கேட்டுக்கொண்டே வருவேன்.

சிட்டு